வீதிக்கு வந்த படகு

அகலமான படகு ஒன்றை வண்டியில் ஏற்றிப் பொதுச் சாலை வழியே இழுத்துச் செல்வதானால் சட்டம் அதைப்பற்றி என்ன சொல்கிறது? இந்தக் கேள்வியில் வரலாறு எங்கே இருக்கிறது என்று மாணவ நண்பர்கள் நினைக்கலாம். ஆனால் புதுச்சேரியைப் போன்ற ஒரு கடற்கரை நகரில் இருந்துகொண்டு இதற்கு விடை தேடினால், பழைய துறையும், கோயில் தேரும், பிரெஞ்சுச் சட்டமும், இந்தியச் சட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக நம் முன் வந்து நிற்கின்றன. அவற்றை வரிசையாக எடுத்துச் சொல்ல முயல்கிறேன்.

திருக்குறளில் இடனறிதல் என்று ஓர் அதிகாரம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் உண்டு என்பதை விளக்க வந்த வள்ளுவர், நிலத்துக்குரிய தேரையும் நீருக்குரிய நாவாயையும் அங்கே சான்றாகக் காட்டுகிறார். தன் இடத்தில் வலிமையோடு விளங்குவது பிற இடத்தில் வலிமை இழக்கும் என்பது கருத்து. இன்றோ நாவாய் நிலத்தின்மேல் செல்கிறது. சக்கரம் பூட்டிய வண்டியில் ஏறி, மோட்டார் வாகனத்தின் பின்னால் அது ஊர் விட்டு ஊர் போகிறது. அப்படியானால் வள்ளுவர் சொன்ன இடன் என்னும் கேள்வி தீர்ந்துவிட்டதா? தீரவில்லை. சட்டத்தின் கேள்வியாக அது உருமாறியிருக்கிறது என்பதே என் கருத்து.

முதலில் படகு ஏன் அகலமாக இருக்கிறது என்று பார்ப்போம். புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. பிரெஞ்சுக் கம்பெனியின் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த கப்பல்கள் கரைக்கு அப்பால் ஆழ்கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஓயாமல் அலை மடிந்து விழும் பகுதியைக் கடந்து ஆளையும் சரக்கையும் கொண்டுவந்தது சலங்கு என்னும் படகு. சென்னையில் அதை மசூலாப் படகு என்றார்கள். பிரெஞ்சுக்காரர் சலங்கு என்னும் தமிழ்ச் சொல்லையே தம் நாவுக்கேற்பத் திரித்து வழங்கினர். 1736ஆம் ஆண்டு முதல் நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை, கப்பல்கள் வருவதையும் போவதையும் தம் ஏடுகளில் பதிந்துவைத்திருக்கிறார். அந்தக் கப்பல்களில் வந்த கவர்னர்களும் கடிதங்களும் கரை சேர்ந்தது இத்தகைய படகுகளின் மூலமாகத்தான்.

இந்தப் படகில் இரும்பு ஆணி கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்துச் சேர்த்திருப்பார்கள். அலை ஓங்கி அடிக்கும்போது ஆணியடித்த படகு பிளந்துபோகும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். 1830களில் நம் நாட்டுக் கலங்களை ஆராய்ந்து எழுதிய ஆங்கிலக் கப்பற்கட்டுநர் ஒருவர், மசூலாப் படகின் நீளம் 30 முதல் 35 அடி, அகலம் 10 முதல் 11 அடி என்று குறித்திருக்கிறார். இந்த அகலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு கணக்குக்கு இது வேண்டும். அகலம் கூடக் கூடப் படகு புரளாமல் நிற்கும் ஆற்றல் அதைவிட விரைவாகக் கூடுகிறது என்பது இயற்பியல் உண்மை. ஆகவே கடலில் அகலம் என்பது உயிர்க்காப்பு.

இத்தனை அகலமான படகு அக்காலத்தில் வீதிக்கு வரவேண்டிய தேவை இருந்ததா? இல்லை. வேலை முடிந்ததும் அதை ஆட்கள் சேர்ந்து மணலில் ஏற்றி நிறுத்திவிடுவார்கள். சரக்கு மட்டும் தலைச்சுமையாகவும் மாட்டு வண்டியிலும் நகருக்குள் போகும். 1866இல் புதுச்சேரியில் இரும்பால் அமைந்த கடற்பாலம் திறக்கப்பட்டது. 1879இல் விழுப்புரத்திலிருந்து இரயில் வந்தது. பாலமும் இரயிலும் சரக்கின் பாதையை மாற்றின. படகின் இடத்தை மாற்றவில்லை. 1952இல் அந்தப் பாலம் புயலில் அழிந்தது. பின்னர் 1960களில் சற்றுத் தெற்கே புதிய பாலம் பயனுக்கு வந்தது. அதன் ஒரு பகுதியும் 2022 மார்ச்சில் இடிந்து கடலில் விழுந்தது.

கட்டுமரத்தின் கதை இதைவிட எளிது. அது மரங்களைச் சேர்த்துக் கட்டியது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே தோளில் சுமந்து சென்று உலரவைப்பார்கள். பிரிக்கக்கூடிய சுமை, பிரிக்க முடியாத சுமை என்று இக்காலப் போக்குவரத்து முறையில் ஒரு பாகுபாடு உண்டு. பிரித்து ஏற்றக்கூடிய ஒன்றுக்கு அகல விலக்குக் கேட்பது பொருந்தாது. பிரிக்கவே முடியாத பெரும்பொருளுக்குத்தான் அது பொருந்தும். அந்தப் பாகுபாட்டைக் கட்டுமரம் தன் பெயரிலேயே சொல்லிவிடுகிறது. கட்டுமரம் பிரியும், சலங்கு பிரியாது.

இன்று படகு சாலைக்கு வருவதற்குப் பல காரணங்கள் உண்டு. பலகைப் படகுகளின் இடத்தைப் பெரும்பாலும் பைபர் படகுகள் பிடித்துக்கொண்டன. அவை பட்டறைகளில் வார்க்கப்பட்டு நிலவழியே கடற்கரைக்கு வருகின்றன. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய 61 நாள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை இருப்பதால், படகைப் பழுது பார்ப்பதற்கும் எந்திரத்தைச் சரி செய்வதற்கும் உரிய காலமாக அது அமைந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை படகுகளைத் தூக்கி ஊருக்குள் எறிந்தபோது, அவற்றை மீண்டும் கடலுக்குக் கொண்டுசெல்வதே பெரும்பாடாக இருந்ததை நாடறியும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் அணைகள் கட்டப்பட்டன. இக்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. அணைகள் அந்த மணலைத் தடுத்துவிட்டன. அதனால் வடக்கே இருந்த நகரக் கடற்கரை கரைந்து, அதன் இடத்தில் கருங்கற்கள் கொட்டப்பட்டன. அண்மை ஆண்டுகளில் ஒரு பகுதியில் மணல் திரும்பியிருக்கிறது. ஆனால் முன்பிருந்த நீண்ட மணற்பரப்பு திரும்பவில்லை. படகை ஏற்றி நிறுத்த மணல் இல்லாத கரையில், படகுக்கு இருந்த பழைய இல்லம் பறிபோய்விட்டது. மணலை இழந்த படகு வேறு துறையைத் தேட வேண்டும். தேடிச் செல்லும் வழிகளில் சாலையும் ஒன்று.

அந்தச் சாலை யாருடையது? இதற்குப் புதுச்சேரியின் சட்ட வரலாறு தெளிவான விடை தருகிறது. 1804ஆம் ஆண்டு பிரான்சில் உருவான சிவில் சட்டத் தொகுப்பு, 1819 ஜனவரி 6ஆம் நாள் ஆணையின் வழியாகப் பிரெஞ்சிந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. இந்தியர்கள் தத்தம் வழக்கங்களின்படியே நீதி பெறலாம் என்ற விலக்கும் அதே ஆணையில் இருந்தது. அத்தொகுப்பின் 531ஆவது பிரிவு படகு, ஓடம், கப்பல் ஆகியவற்றை அசையும் பொருள்கள் என்று வகுத்தது. படகு ஒருவனுடைய சொத்து. அவன் விரும்பியபடி அதை விற்கலாம், இடம் மாற்றலாம். 538ஆவது பிரிவோ, அரசு பேணும் சாலைகளையும் தெருக்களையும், கடற்கரையையும், துறைகளையும் ஒரே வரிசையில் வைத்து, இவை பொதுவுடைமை, தனியார் உரிமைக்கு உட்படாதவை என்றது.

இந்த இரண்டு பிரிவுகளையும் சேர்த்துப் படித்தால் ஓர் உண்மை புலப்படும். கடற்கரை எப்படி எல்லாருக்கும் உரியதோ, அப்படியே வீதியும் எல்லாருக்கும் உரியது. என் படகு என்னுடையது. ஆனால் அது செல்லும் வழி என்னுடையது அன்று. சொந்தப் பொருளைப் பொது வழியில் கொண்டுசெல்லும்போது, அப்பொருளின் அளவு எனக்கு மட்டுமே உரிய செய்தியாக இருக்க முடியாது. அகலத்தைப் பற்றிய எல்லாச் சட்டங்களும் இந்த ஒரு கருத்திலிருந்து கிளைத்தவையே.

ஒரு பொருளுக்காகவே வழி அமைத்த காலமும் உண்டு. கிரேக்க நாட்டில் கொரிந்து நகரத்தருகே ஒரு குறுகிய நிலப்பகுதி இரண்டு கடல்களைப் பிரிக்கிறது. கப்பல்கள் நெடுந்தூரம் சுற்றிப்போகாமல் இருப்பதற்காக, ஏறத்தாழ 2,600 ஆண்டுகளுக்கு முன் அங்கே கல் பாவிய பாதை ஒன்றை அமைத்தார்கள். கல்லில் சுமார் 1.6 மீட்டர் இடைவெளியில் சக்கரத் தடங்கள் இருந்தன. வண்டிமேல் ஏற்றிய மரக்கலங்கள் அத்தடம் வழியே ஒரு கடலிலிருந்து மறு கடலுக்கு இழுத்துச் செல்லப்பட்டன. அது கலத்துக்கென்றே பிறந்த பாதை.

நம் நாட்டிலும் அப்படிப்பட்ட பாதை உண்டு. தேரோடும் வீதியைத்தான் சொல்கிறேன். புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தில், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடிப்பது வழக்கம். இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிப்பது அந்த மரபின் தொடர்ச்சி. வீதியின் அகலத்தை நிறைத்துக்கொண்டு வரும் அந்தத் தேருக்காக அன்றைக்கு ஊரே வழிவிடுகிறது. நாள் முன்கூட்டித் தெரியும்; வழி தெரியும்; பிற போக்குவரத்து விலகி நிற்கும். அதோடு தேரின் சக்கரத்தருகே முட்டுக்கட்டையோடு சிலர் நடந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். திருப்பத்தில் சக்கரத்தைத் திருப்புவதும், தேர் விரையும்போது அதை அடக்குவதும் அவர்கள் தொழில். பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடை என்று பொருள் கொள்கிறோம். தேரடியில் நின்று பார்த்தவர்களுக்கு அது தடையன்று என்பது விளங்கும். முட்டுக்கட்டை இல்லாத தேர் வீட்டுச் சுவரில் மோதும். வடம் பிடித்தவன்மேலே ஏறும்.

தேர்வீதியில் ஒரு நாள் நடப்பதை, எல்லா நாளும் எல்லாரும் செல்லும் பொதுச் சாலைக்கு எப்படிப் பொருத்துவது? பிரான்சு நாட்டில் 1851இல் வண்டிப் போக்குவரத்துக்கென ஒரு சட்டமும், 1852 ஆகஸ்டு 10இல் அதற்குரிய ஆணையும் பிறந்தன. சுமையின் அகலம் 2.5 மீட்டரை மிஞ்சலாகாது என்று அவ்வாணை கூறியது. அந்த அளவுக்குள் அடங்காத பெரும்பொருளாயின், மாவட்ட ஆட்சித் தலைவர் தனி அனுமதி தரலாம். வயலிலிருந்து களத்துக்கு விளைச்சலைக் கொண்டுசெல்லும் உழவர் வண்டிக்கு அகலக் கட்டுப்பாடு இல்லை. மோட்டார் வண்டி பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட விதி இது. பொது அளவு ஒன்று, முன் அனுமதியோடு விலக்கு ஒன்று, உழைப்பவனுக்குச் சலுகை ஒன்று என்று மூன்று கூறுகள் இதில் இருப்பதைக் கவனியுங்கள்.

இங்கிலாந்து வேறு வழியில் சென்றது. 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி, சாலையில் செல்லும் நீராவி வண்டிக்கு முன்னால் 60 கெஜத்துக்குக் குறையாத தொலைவில் ஒருவர் செங்கொடி ஏந்தி நடக்க வேண்டும். நகருக்குள் வேகம் மணிக்கு 2 மைலைத் தாண்டக்கூடாது. இன்று இதைப் படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எனினும், பெரிதாக வருவது தன் வரவை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற கொள்கை சிரிப்புக்குரியதன்று.

இனி இந்தியச் சட்டத்துக்கு வருவோம். புதுச்சேரி 1954 நவம்பர் 1ஆம் நாள் நடைமுறையிலும், 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது. அதன் பின்னர் இந்தியச் சட்டங்கள் படிப்படியாக இங்கே விரிவுபடுத்தப்பட்டன. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தை அகற்றிவிட்டு வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டம், 1989 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. படகை இழுத்துச் செல்வோர் அதில் அறிய வேண்டியவை சில.

மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படும் டிரெய்லர், தனக்கென எந்திரம் இல்லாவிடினும் சட்டத்தின் கண்ணில் வாகனமே. அதற்குத் தனிப் பதிவு வேண்டும். அதன் சொந்த எண்ணோடு, இழுக்கும் வாகனத்தின் எண்ணும் டிரெய்லரில் தெரிய வேண்டும். முன்னால் செல்லும் வண்டியைப் படகு மறைத்துவிடுமல்லவா? விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்று பின்னால் வருபவர் அறிய வேண்டாமா? அதற்காகவே இவ்விதி. பிறருக்கு நேரும் தீங்குக்கு ஈடு செய்யும் காப்பீடும் கட்டாயம். மீன்பிடி படகுக்கு ஏற்கெனவே கடலுக்குரிய பதிவு எண் இருக்கிறது. ஆனால் அது சாலையில் செல்லாது. நீருக்கு ஓர் எண், நிலத்துக்கு ஓர் எண். வள்ளுவரின் இடனறிதல் இங்கே எண்பலகை வடிவில் நிற்கிறது.

அடுத்தது அகலம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 93ஆவது விதி, வாகனத்தின் மொத்த அகலம் 2.6 மீட்டருக்கு மேற்படக்கூடாது என்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 194ஆவது பிரிவில் ஒரு புதிய உட்பிரிவு சேர்ந்தது. சுமை வண்டியின் பக்கவாட்டிலோ, முன்னாலோ, பின்னாலோ, உயரத்திலோ அனுமதித்த அளவை மீறி நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் என்றும், சுமையை இறக்கும் செலவும் அவரையே சாரும் என்றும் அது விதிக்கிறது. ஆனால் குறிப்பிட்ட சுமையைக் கொண்டுசெல்ல உரிய அதிகாரி விலக்கு அளித்திருந்தால் இத்தண்டனை இல்லை என்றும் அதே உட்பிரிவு சொல்கிறது. 1852ஆம் ஆண்டுப் பிரெஞ்சு ஆணையின் முதல் இரண்டு கூறுகளும் இங்கே மீண்டும் இருப்பதைக் காண்கிறோம்.

இப்போது நான் முன்பு சொன்ன கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நம் நெடுஞ்சாலைகளில் ஒரு வரிசை வாகனம் செல்லும் தடத்தின் அகலம் பொதுவாக 3.5 மீட்டர். 2.6 மீட்டர் அகல வண்டி அதன் நடுவே சென்றால் இரண்டு பக்கமும் 45 சென்டிமீட்டர் எஞ்சும். 11 அடி அகலமுள்ள பழைய மசூலாப் படகை ஏற்றினால், அதன் அகலம் ஏறத்தாழ 3.35 மீட்டர். பக்கத்துக்கு எஞ்சுவது ஏழரை சென்டிமீட்டர், அதாவது நான்கு விரல் அகலம். இன்றைய பைபர் படகு பெரும்பாலும் 2 மீட்டரை ஒட்டியே இருப்பதால் அளவுக்குள் அடங்கிவிடும். 4 அல்லது 5 மீட்டர் அகலமுள்ள விசைப்படகோ தன் தடத்தை விழுங்கி, எதிர்த் தடத்திலும் நுழைந்துவிடும். எதிரே இரவில் சைக்கிளில் ஒரு மாணவன் வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் வரும் வாகனத்தின் விளக்கைப் பார்த்து அவன் ஒதுங்குகிறான். விளக்குக்கு வெளியே இருட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் படகின் விளிம்பை அவன் எப்படி அறிவான்? கடலில் உயிர் காத்த அதே அகலம் சாலையில் உயிரைப் பறித்துவிடும். 2.6 என்னும் எண்ணுக்குள் இருப்பது அந்த மாணவனின் உயிர்.

புதுச்சேரிக்கு இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. பிரெஞ்சு, ஆங்கில ஆட்சிகளின் பழைய எல்லைகள் அப்படியே தங்கிவிட்டதால், புதுச்சேரிப் பகுதி துண்டு துண்டாகத் தமிழ்நாட்டுக்குள் விரவிக் கிடக்கிறது. இங்கிருந்து கடலூருக்குப் படகு கொண்டுசெல்பவர், சிறு தொலைவுக்குள்ளேயே எல்லையைக் கடக்கிறார். காரைக்காலுக்குக் கொண்டுசெல்பவர் தமிழ்நாட்டின் மாவட்டங்களைக் கடந்தாக வேண்டும். சட்டம் ஒன்றே எனினும், அதை நடத்தும் அதிகாரிகள் வேறு. ஓரிடத்தில் பெற்ற அனுமதி வழி முழுதும் செல்லுமா என்று முன்னரே கேட்டறிவது அறிவுடைமை.

இங்கே மீனவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். 20,000 ரூபாய் என்பது சிறு படகு வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்குப் பெரும் பணம். அவர்கள் விரும்பிச் சாலைக்கு வரவில்லை. மணற்கரை சுருங்கியதற்கும் அவர்கள் காரணம் அல்லர். பழைய பிரெஞ்சு ஆணை, களத்துக்குச் செல்லும் உழவனின் வண்டியைத் தனியே எண்ணிப் பார்த்தது. கடலை உழும் மீனவனின் படகையும் அவ்வாறு எண்ணிப் பார்ப்பது நேர்மை. தடைக்காலத்தில் குறித்த நாளில், குறித்த நேரத்தில், காவலர் துணையோடு படகுகளை இடம் மாற்ற எளிய அனுமதி முறை இருக்குமானால் சட்டமும் நிற்கும், பிழைப்பும் நடக்கும். தேருக்கு ஒரு நாள் வழிவிடத் தெரிந்த ஊருக்குப் படகுக்கு ஒரு மணி நேரம் வழிவிடுவது அரிதன்று. ஆனால் அனுமதி இல்லாமல், அறிவிப்பு இல்லாமல், இருளில் படகை இழுத்துச் செல்வதற்கு வறுமையும் சமாதானம் ஆகாது. எதிரே வருபவனும் ஏழையாக இருக்கலாம்.

மாணவ நண்பர்களே, சட்டம் என்பது நம் வழியில் யாரோ போட்ட தடை என்ற எண்ணம் இளமையில் எளிதாக எழும். அவ்வெண்ணம் எழும்போது வில்லியனூர்த் தேரின் சக்கரத்தடியில் குனிந்து நடக்கும் மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் இருப்பதும் முட்டுக்கட்டைதான். தேரை நிறுத்துவது அவர் எண்ணம் அன்று. சுவரும் இடியாமல், வடம் பிடித்தவர் காலும் நசுங்காமல், தேர் முழுதாக நிலைக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காகவே அவர் நடக்கிறார்.